இரண்டு வரிக்கு மிகாமல்

ஜனவரியில் நிர்வாகக் குழு ஒரு படிவம் தந்தது.
பயிற்சியாளர் பெயர். பின்னணி. கொள்கை.
இரண்டு வரிக்கு மிகாமல்.
நுழைவாயில் கண்ணாடிப் பலகையில் ஒட்டவேண்டும்,
பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் படிப்பார்களாம்.
வாங்கி ஒட்டுகிற வேலை என் தலையில்.
நான் இந்தக் குளத்தின் குளோரின்காரன்.
ஸோல்னோக்கில் விடிவதற்கு முன்
தண்ணீரைத் தொடுகிற முதல் கை என்னுடையது.

வின்ட்ஸெ நான்கு பக்கம் கொடுத்தான்.
பல்கலைக்கழகம், முதுகலை,
காதுமடலில் ஊசி குத்தி
ஒரு சொட்டு ரத்தத்தில் களைப்பை அளக்கும் வித்தை.
கொள்கை என்ற இடத்தில் ஒரு வரைபடம்,
ஏறி, வளைந்து, தாளை விட்டே வெளியே போகிறது.
இரண்டு வரி என்றேன்.
"எந்த இரண்டு?" என்றான், உண்மையிலேயே தெரியாமல்.
பிள்ளைகளைக் குத்துவதற்கு முன்பு ஒவ்வொரு முறையும்
தன் விரலை ஒருதரம் குத்திப் பார்த்துக்கொள்வான்.
அதை அவன் எழுதவில்லை.

அம்ப்ருஷ் முப்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் கொடுத்தவர்.
அவர் தண்ணீரில் இறங்கி யாரும் பார்த்ததில்லை.
நீந்தத் தெரியுமா என்று கேட்க எவருக்கும் வாய் வரவில்லை.
ஆனால் எட்டுப் பாதையில் நாற்பது பேரை
ஐந்தைந்து நொடி விட்டு அனுப்பி
ஒருவர் பாதம் ஒருவர் விரலில் படாமல்
திருப்பிக் கொண்டுவருவார்.
பின்னணி என்ற இடம் வெறுமை.
கொள்கையில் மறுநாள் காலைப் பயிற்சி:
நானூறு, மெதுவாக.
எட்டு நூறு, ஒன்று நாற்பதுக்கு ஒன்று.
தாமதமாக வருகிறவனும் வந்து சேரவேண்டும்.
கடைசி வரி எதில் சேர்த்தி என்று கேட்காமல்
அப்படியே ஒட்டினேன்.

போர்பாலா படிவத்தைத் தரவே இல்லை.
முதல் தடவை, நனைந்துவிட்டது.
இரண்டாம் தடவை, தொலைந்துவிட்டது.
மூன்றாம் தடவை ஒரு பார்வை, அவ்வளவுதான்.
அவள் பின்னணி ஊருக்கே தெரியும்.
மல்லாந்து நீந்துகிறவள்,
தேசியப் போட்டியில், கடைசி நீளத்தில், எல்லாருக்கும் முன்னால்,
தலைக்கு மேல் தொங்கும் கொடிகளைக் கடந்தபின்
கையை எண்ண மறந்து
சுவரில் தலை மோதியவள்.
உச்சியில் முடி முளைக்காத ஒரு கோடு.
தொப்பி போட்டால் மறைந்துவிடும்.
அவள் தொப்பி போடுவதில்லை.

பிப்ரவரியில் மாவட்டப் போட்டி.
இருநூறு மீட்டர், மல்லாந்து.
ஐந்தாம் பாதையில் ஹங்கா, பதின்மூன்று வயது,
நூற்றைம்பதில் திரும்பி, பாதி வழியில் நின்றுவிட்டாள்.
கயிற்றைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி.
மற்ற ஏழு பேரும் தொட்டு, ஏறி, துண்டு போர்த்தியாயிற்று.
நடுவர் கையைத் தூக்கியாயிற்று.
வின்ட்ஸெ கடிகாரத்தைப் பார்த்தான்.
அம்ப்ருஷ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்,
நடுக்காட்டில் ரயில் நின்றுபோனதைப்போல.
போர்பாலா கரையோரமாக நடந்துபோய்
ஈரத் தரையில் குப்புறப் படுத்து
ஏதோ சொன்னாள்.
கழுத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்தவில்லை.
ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு ஒரு கை எழுந்தது.
பிறகு இன்னொன்று.
கொடிகள். ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு,
ஐந்து. சுவர்.

என்ன சொன்னாய் என்று அன்று மாலை கேட்டேன்.
"ஒன்பது மணிக்குத்தான் குளத்தை மூடுவார்கள்,
அதுவரை அவசரமில்லை என்றேன்."

ராத்திரி படிவம் என் மேசையில் கிடந்தது,
நனைந்து காய்ந்து அப்பளம்போல் நெளிந்து.
பின்னணி: கொடிக்குப் பின் ஐந்து கை.
கொள்கை: மேற்படி.

இப்போது பலகை நிறைந்துவிட்டது.
ஆனால் குளத்து ஆவி ஏறி
கண்ணாடி எந்நேரமும் மூடிக்கிடக்கிறது.
வருகிறவர்கள் உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்து
முதல் வார்த்தைக்கு வருவதற்குள்
பிள்ளை உள்ளே குதித்த சத்தம் கேட்கிறது.
காற்றாடியைப் பழுதுபார்க்கச் சொல்லிக்
குழுவுக்கு மனு எழுதியிருக்கிறேன்.
இரண்டு வரிதான்.